“நீ யார் வீட்டுப் பிள்ளை?”: குளுவாங் தோட்ட ஒன்றுகூடல்கள் நம்மிடம் கேட்பது என்ன?

பள்ளி விடுமுறை தொடங்கினால் குளுவாங்கில் மண்டபம் கிடைப்பது கடினம். திருமணங்கள் ஒரு காரணம். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. “முன்னாள் தோட்ட மக்கள் ஒன்றுகூடல்” என்ற பதாகையை இந்த வட்டாரத்தில் ஆண்டுக்குப் பல முறை பார்க்க முடிகிறது. வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்குகிறது. ஆளுக்கு 50 வெள்ளி, 100 வெள்ளி வசூலாகிறது. முதுகில் தோட்டத்தின் பெயர் அச்சிட்ட டி-சட்டை தயாராகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 30 ஆண்டுகளாகப் பார்க்காத முகங்கள் ஒரே மண்டபத்தில் வந்து உட்காருகின்றன.

அண்மையில் அப்படி ஒரு கூடலில் நானும் இருந்தேன். ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், கிள்ளான் என்று உள்நாட்டிலிருந்து வந்தவர்கள் பாதிப் பேர். சிங்கப்பூரிலிருந்து அதிகாலையில் பாலம் கடந்து வந்தவர்கள் கால்வாசி. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஒருவர் தம் பதின்ம வயது மகளை அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, “நீ யார் வீட்டுப் பிள்ளைம்மா? எத்தனாவது லயம்?” என்று கேட்டார். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அப்பா முன்னால் வந்து, “மூணாவது லயம் பாட்டி, கிணத்துப் பக்கம், கடைசி வீடு” என்றார். பாட்டி உடனே அந்த வீட்டில் இருந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். தாத்தா, பாட்டி, சின்ன வயதில் இறந்துபோன ஓர் அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், அவர்கள் வளர்த்த ஆடு வரைக்கும்.

அந்த மூன்றாவது லயம் இன்று இல்லை. கிணறும் இல்லை. அங்கே இப்போது செம்பனை நிற்கிறது. அந்தக் குடும்பம் அங்கே வாழ்ந்தது என்பதற்கு, அந்தப் பாட்டியின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி எங்கே இருக்கிறது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஒன்றுகூடல்கள் நல்ல விஷயம், நாலு பேர் சந்தித்துச் சாப்பிட்டுச் சிரித்துப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இதே காரியத்தை வேறு ஒரு சமூகம் 75 ஆண்டுகளாகச் செய்து வருகிறது. அவர்கள் அதிலிருந்து என்ன பெற்றார்கள், எங்கே தவறினார்கள் என்று பார்த்தால், நம் ஒன்றுகூடல்கள் எதைத் தவறவிடுகின்றன என்பது தெரியும்.

ஜெர்மனியில் ஒரு பெந்தெகொஸ்தே விடுமுறை

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும், கிழக்கு ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜெர்மானியர்கள் ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் பேர் தப்பி ஓடினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். இன்றைய போலந்து, செக் நாடு, ஹங்கேரி, முன்னாள் யூகோஸ்லாவியா ஆகிய இடங்களில் அவர்களின் கிராமங்கள் இருந்தன. போரைத் தொடங்கியது நாஜி ஜெர்மனி. அதன் கொடுமைக்கான பழி, குற்றம் செய்தவர்களோடு நில்லாமல் குழந்தைகள், முதியவர்கள் மீதும் விழுந்தது.

வந்து சேர்ந்தவர்கள் ஊர் வாரியாகச் சங்கம் அமைத்தார்கள். செக் பகுதியிலிருந்து வந்த சுடேட்டன் ஜெர்மானியர்கள் 1950 முதல் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஒன்றுகூடுகிறார்கள். ருமேனியாவின் திரான்சில்வேனியாவைச் சேர்ந்த சாக்சன் வம்சாவளியினர் 1951 முதல் டிங்கல்ஸ்பூல் என்ற சிறு நகரில் கூடுகிறார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று சிதறிய பேரப்பிள்ளைகள் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகும்போது, பயணத் திட்டத்தில் இந்தக் கூடலுக்கும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். பழைய கிராமத்து உடை, பழைய பலகாரம், பழைய பேச்சுவழக்கு. அங்கேயும் ஒரு பாட்டி இருப்பார். அவரும் “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்றுதான் கேட்பார்.

ஆனால் அவர்களின் மேசைமேல் இருக்கும் பொருள்கள் நம் மேசைமேல் இல்லை. கிராமத்தின் வரைபடம், எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்ற எண்ணிட்ட பட்டியல், தேவாலயப் பதிவேடுகளிலிருந்து தொகுத்த குடும்ப நூல்கள். ஜெர்மனி முழுவதும் சிறு ஊர்களில் இரண்டு மூன்று அறைகளில் நடத்தப்படும் நினைவு இல்லங்கள் நூற்றுக்கணக்கில் உருவாயின. விட்டு வந்த வீட்டின் சாவி, ஜெபப் புத்தகம், துணிமணி எல்லாம் அங்கே வைக்கப்பட்டன.

இவை மக்களின் பாசத்தால் மட்டும் வந்தவை அல்ல. சட்டமும் துணை நின்றது. 1952-இல் மேற்கு ஜெர்மனி சுமைப் பகிர்வுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. போரில் சொத்து தப்பியவர்கள் அதில் பாதி மதிப்பை 30 ஆண்டுத் தவணையில் செலுத்த வேண்டும். அந்தப் பணம் எல்லாம் இழந்தவர்களுக்குப் போகும். 1953-இல் வந்த இன்னொரு சட்டம் “வெளியேற்றப்பட்டவர்” யார் என்று வரையறுத்து, அவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. அதன் 96-ஆம் பிரிவு, இழந்த பகுதிகளின் பண்பாட்டைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று எழுதியது. 2021-இல் பெர்லினில் இடப்பெயர்வு பற்றிய தேசிய ஆவண மையம் ஒன்று திறக்கப்பட்டதும் இந்த வரிசையில் வந்ததுதான்.

ஒப்பிடலாமா?

குளுவாங்கையும் ஜெர்மனியையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. நம் தோட்டங்களை எந்தப் படையும் வந்து காலி செய்யவில்லை. துப்பாக்கி முனையில் யாரும் எல்லை கடக்கவில்லை. நம் மக்கள் நாட்டை விட்டுப் போகவில்லை, தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போனார்கள். எண்ணிக்கையிலும் ஒப்பே இல்லை.

ஆனாலும் ஓர் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. ஹரிராயாவுக்கு மலாய் நண்பர்கள் “பாலிக் கம்போங்” போகிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு நெடுஞ்சாலை நிறைகிறது. தீபாவளிக்கு நாம் போகும் ஊர் எது? தோட்டத்தில் பிறந்த ஒருவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கணம் தயங்குவார். பிறகு இன்று இல்லாத ஓர் இடத்தின் பெயரைச் சொல்வார். பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கும். போய் நிற்க இடம் இருக்காது.

ஜெர்மானியர்களுக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு இழப்பின் அளவில் மட்டும் இல்லை. அவர்கள் இழந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. நாம் இழந்ததற்குப் பெயரே வைக்கப்படவில்லை. “மேம்பாடு” என்றார்கள், “மறுநடவு” என்றார்கள், “ஆட்குறைப்பு” என்றார்கள். இடப்பெயர்வு என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

தோட்டம் எப்படிக் கலைந்தது

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரயில் பாதை 1909-இல் முடிந்தது. அந்தப் பாதையை ஒட்டித்தான் மத்திய ஜொகூரின் ரப்பர் தோட்டங்கள் பெருகின. பாலோ, நியோர், குளுவாங், மெங்கிபோல், ரெங்கம், லாயாங்-லாயாங் என்று பழைய இரயில் பாதையின் பெயர்களைச் சொன்னாலே, அவற்றில் பல தோட்டங்களின் பெயர்களும்தான் என்று இந்த வட்டாரத்தவருக்குத் தெரியும். கங்காணி முறையில் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்க்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத்தில் இருந்தவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்து மணமுடித்து இறந்தவர்கள்.

கலைதல் ஒரே நாளில் நடக்கவில்லை. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் சயாம்-பர்மா இரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். 1948-இல் அவசரகாலம் வந்தபோது, சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்று சேர்க்கப்பட்டன. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து நூலே வெளியிட்டார். அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான் 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டத்தை வாங்கும் முயற்சி அது. 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் இறுகியபோது, குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். ஒரே வீட்டில் அப்பா இந்தியாவுக்கும் மகன் இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் குளுவாங்கிலும் உண்டு.

பெரிய மாற்றம் 1980-களில் வந்தது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு உரிமை மலேசியாவின் கைக்கு வந்தது. நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள். ஆனால் துரையின் பங்களாவில் இருந்த ஆள் மாறினாலும் லயத்தில் இருந்தவர்களின் நிலை மாறவில்லை. அதே காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ரப்பர் மரத்துக்குத் தினமும் ஆள் வேண்டும். ஒரு பால்மரத் தொழிலாளி விடியற்காலையில் 400, 500 மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை எடுக்க வேண்டும். செம்பனைக் குலையை 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை வெட்டினால் போதும். பெண்களின் கைக்கு ஏற்ற பால் வெட்டு வேலை போனது. குடும்பமாக உழைத்த இடத்தில் ஒற்றை ஆண் போதும் என்றானது. பிறகு அந்த ஒற்றை ஆணும் வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தால் செலவு குறைவு என்றானது. நகரை ஒட்டிய தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1980-க்கும் 2000-க்கும் இடையில் 3 இலட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இப்படி இடம்பெயர்ந்தனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு.

600 நாள் சம்பளம்

இவர்களுக்கு என்ன கிடைத்தது? 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் என்றால் 20 நாள். முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். நாள்கூலி பத்துப் பதினைந்து வெள்ளியாக இருந்த காலத்தில் அந்தத் தொகை எவ்வளவு என்று வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம். அதில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். வீடு வாங்க முடியாது.

அந்தக் கணக்கில் வேலைக்கு மட்டும்தான் விலை போடப்பட்டது. வீட்டுக்கு இல்லை. மூன்று தலைமுறை குடியிருந்த லயம் கம்பெனியின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அந்தக் குடியிருப்பு நில உரிமையைத் தராது. வீட்டைச் சுற்றி நட்ட முருங்கை, தென்னை, மாமரம், கட்டிய கோழிக் கூண்டு, மாட்டுக் கொட்டகை எதுவும் கணக்கில் வரவில்லை. ஜெர்மனியின் சுமைப் பகிர்வுச் சட்டம் இழந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் மதிப்பிட்டது. நம்முடைய விதி இழந்த நாள்கூலியை மட்டும் எண்ணியது.

சில தோட்டங்களில் மக்கள் போராடி மாற்று வீடு பெற்றார்கள் என்பதும் உண்மை. சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் அலைந்து, அண்மைக் காலத்தில்தான் மத்திய அரசின் நிதி ஒதுக்கீடு வரை கொண்டு வந்தார்கள். அவர்களால் அது முடிந்ததற்கு ஒரு காரணம், சிதறாமல் ஒரு குழுவாக நின்றது. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று பட்டியல் காட்ட முடிந்த இடத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. பட்டியல் இல்லாத இடத்தில் அனுதாபம் மட்டும் கிடைத்தது.

கோயில், பள்ளி, சுடுகாடு

தோட்டம் போனாலும் மூன்று விஷயங்கள் எஞ்சி நிற்கும். கோயில், பள்ளி, சுடுகாடு. இந்த மூன்றின் நிலையே இன்றைய செய்தியாகவும் இருக்கிறது.

2018 நவம்பரில் சுபாங் ஜெயாவை ஒட்டிய சீஃபீல்டு மகா மாரியம்மன் ஆலயத்தில் நடந்த கலவரம் நாட்டையே உலுக்கியது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். எந்த இனத்தவருக்கும் அது ஆறாத வடு. அந்தப் பூசலின் வேர் எங்கே இருந்தது? அது ஒரு தோட்டத்துக் கோயில். தோட்டம் விற்கப்பட்டபோது கோயில் நிலம் பிரித்து எழுதப்படவில்லை. 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தின் இடமாற்றம் பெரிய விவாதமானது. அது நகரக் கோயில் என்றாலும் சிக்கல் அதே சிக்கல். மக்கள் முதலில் வந்தார்கள், பட்டா பிறகு வேறொருவர் பெயரில் வந்தது. ஒவ்வொரு முறையும் பிரச்சினை வெடித்த பிறகு ஆவணம் தேடுகிறோம்.

பள்ளிகளின் கதை இன்னும் நுட்பமானது. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. குளுவாங் மாவட்டத்தில் லம்பாக், மெங்கிபோல், நியோர், எலாயிஸ், பாலோ என்று தோட்டப் பெயர்களைத் தாங்கிய பள்ளிகளை நாம் அறிவோம். எலாயிஸ் என்பது செம்பனையின் தாவரவியல் பெயர் என்பது பல பேருக்குத் தெரியாது. ரப்பரைத் தள்ளிவிட்டு வந்த மரத்தின் பெயரையே ஒரு தமிழ்ப்பள்ளி சுமக்கிறது. தோட்டத்தில் பிள்ளைகள் இல்லாமல் போனதும் பல பள்ளிகள் வேறு தாமான்களுக்கு மாறின. பெயர்ப்பலகையில் “லாடாங்” என்ற சொல் மட்டும் உடன் வந்தது. நாட்டில் சில இடங்களில் அந்தச் சொல்தான் தோட்டம் விட்டுச்சென்ற கடைசி அடையாளம். பெயரை மாற்றலாம் என்று யாராவது சொல்லும்போது இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுடுகாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றைய ஒன்றுகூடலில் ஒரு பெரியவர் சொன்னது மனத்தில் நிற்கிறது: “கோயில் சாமியை வேற இடத்துக்குக் கொண்டு போய் வச்சாச்சு. எங்கப்பாவை எப்படிய்யா கொண்டு போறது?” செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருக்கும் அந்த மேடுகள் எந்த வரைபடத்திலும் குறிக்கப்படவில்லை. அடுத்த மறுநடவுக்கு இயந்திரம் வரும்போது அதை ஓட்டுபவருக்குத் தெரியப்போவதில்லை. செம்பனைக்கு ஏறக்குறைய 25 ஆண்டுதான் ஆயுள். ஆகவே மறுநடவு தூரத்தில் இல்லை.

நிலத்தின் மீதான நெருக்கடியும் கூடுகிறது. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் எழும்பும் நிலங்களில் பல நேற்றைய தோட்டங்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். மின் இரயில் குளுவாங் வரை வந்தது. டிசம்பரில் ஜொகூர் பாரு வரை நீண்டது. வேலையும் வசதியும் வருவது வரவேற்கத்தக்கது. நம் பிள்ளைகளும் அந்த வேலைகளுக்குப் போக வேண்டும். ஆனால் நிலத்தின் விலை ஏறினால், பட்டா இல்லாத கோயிலும் குறிக்கப்படாத சுடுகாடும்தான் முதலில் அகற்றப்படும். கூலாயில் இன்று நடப்பது குளுவாங்குக்கு வர அதிக காலம் ஆகாது.

ஏக்கம் மறைப்பவை

ஒன்றுகூடல் மேடைகளில் தோட்ட வாழ்க்கை சொர்க்கமாகப் பேசப்படுகிறது. கதவு பூட்டாமல் தூங்கினோம், ஒரு வீட்டில் சாவு என்றால் தோட்டமே சமைக்கவில்லை, திருவிழாவில் எல்லாரும் ஒரே குடும்பம். இவை பொய்யல்ல. ஆனால் பிரட்டுக்களத்தில் பெயர் வெட்டப்பட்டுத் திரும்பிய நாள்களும் இருந்தன. கடைக்காரரிடம் தீராத கடன் இருந்தது. கள்ளுக்கடையில் பாதிச் சம்பளம் போனது. எந்தச் சாதிக்கு எந்த லயம், கோயிலில் யாருக்கு எந்த மரியாதை என்பதும் இருந்தது. பெண்கள் காலையில் பால் வெட்டி, மதியம் புல் வெட்டி, மாலையில் வீட்டு வேலை செய்தார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். கிராணி வீட்டுப் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் இடையில் ஒரு வேலி இருந்தது.

இவற்றை மறைத்தால் நம் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள். ஜெர்மானியர்கள் வழுக்கியது இந்த இடத்தில்தான். 1950 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அவர்களின் சங்கங்கள் வெளியிட்ட சாசனம் பழிவாங்கலைக் கைவிடுவதாக அறிவித்தது. அது பெரிய காரியம். ஆனால் தங்கள் வேதனையைச் சொன்ன அந்தச் சாசனம், நாஜிகள் யூதர்களுக்கும் அண்டை நாட்டவருக்கும் செய்ததைச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றுவரை அதன்மீது விமர்சனம் இருக்கிறது. சொந்த இழப்பை மட்டும் பேசும் கூடல், வெளியில் இருப்பவரின் மதிப்பை இழந்துவிடுகிறது.

அதைத் திருத்திக்கொண்ட நிகழ்வுகளும் உண்டு. 1945 மே இறுதியில் செக் நாட்டின் பர்னோ நகரிலிருந்து 20,000-க்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் எல்லையை நோக்கி நடத்தி விரட்டப்பட்டார்கள். வழியில் பலர் மாண்டார்கள். 70 ஆண்டு கழித்து, 2015-இல் பர்னோ மாநகராட்சி அதற்கு வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு செக் இளைஞர்களும் ஜெர்மானிய முதியவர்களும் அந்தப் பாதையில் எதிர்த்திசையில், நகரை நோக்கிச் சேர்ந்து நடந்தார்கள். நிலத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நடந்ததை நடந்தது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள்.

நமக்கும் அப்படி ஒரு மறுபக்கம் இருக்கிறது. ஒன்றுகூடல் முடிந்து சிலர் பழைய தோட்டத்தைப் பார்க்கப் போகிறார்கள். எஞ்சியிருக்கும் லயங்களில் இன்று பங்களாதேஷ், இந்தோனேசியா, நேப்பாளத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நம் தாத்தா சமைத்த அடுப்பில் அவர்கள் சமைக்கிறார்கள். கடப்பிதழ் கையில் இல்லாதவர், ஏஜெண்டுக்குக் கடன்பட்டவர், ஊரில் பிள்ளையை விட்டு வந்தவர் அவர்களில் உண்டு. படம் எடுக்கும்போது அவர்களை ஓரமாக நிற்கச் சொல்கிறோம். நம் கொள்ளுத் தாத்தாவும் இப்படித்தான் கடனோடு வந்து இறங்கினார் என்பதை அந்த இடத்தில் நின்றுகொண்டே மறந்துவிடுகிறோம்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு முன்

நிதி இல்லை, அரசு உதவி இல்லை என்று காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, லயப் பட்டியல். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, லயங்களை வரைந்து, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று மூத்தவர்களைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். கிணறு, பால் கொட்டகை, ஆயாக் கொட்டகை, பள்ளி, கோயில், சுடுகாடு எல்லாவற்றையும் குறியுங்கள். ஜெர்மானியர்களின் கிராம வரைபடங்களில் பலவும் இப்படி நினைவிலிருந்து வரையப்பட்டவையே.

இரண்டாவது, காகிதங்கள். பழைய செக்ரோல் சீட்டு, சம்பளத் துண்டு, பள்ளித் தேர்ச்சி அட்டை, சிவப்பு அடையாள அட்டை, கப்பல் பயணச்சீட்டு, கோயில் திருவிழா அழைப்பிதழ் எல்லாம் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. கைப்பேசியால் படம் எடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று குறித்து ஓரிடத்தில் சேருங்கள். ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க முயலலாம். அடையாள ஆவணச் சிக்கலில் இன்றும் அலைபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று காட்டும் பழைய தாள் ஒன்று அவர்களுக்கு உதவக்கூடும்.

மூன்றாவது, நிலம். கோயிலும் சுடுகாடும் எந்த எண் கொண்ட நிலத்தில் இருக்கின்றன, அது யார் பெயரில் இருக்கிறது என்று மாவட்ட நில அலுவலகத்தில் தேடல் செய்யலாம். அதற்கான கட்டணம் டி-சட்டைச் செலவை விடக் குறைவு. தோட்டம் கைமாறுவதற்கு முன் நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகப் பேசினால் சுமுகமாக முடியலாம். கைமாறிய பிறகு பேசினால் அது வழக்காகிவிடும்.

நான்காவது, குரல். வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டிக்கு 80 வயதுக்கு மேல் இருக்கும். பால் வெட்டிய கடைசித் தலைமுறை அவருடையது. அவரை அரை மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்ய ஒரு கைப்பேசியும் பொறுமையும் போதும். கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல விடுமுறை வேலை.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2017-இல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் நிலையைப் பேசியது. அதோடு நின்றுவிடாமல், தோட்ட நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்ற ஒப்புதல் கொடுக்கும்போதே கோயில், பள்ளி, சுடுகாடு மூன்றையும் பிரித்து எழுத வேண்டும் என்பதை மாநில அரசு நிபந்தனையாக்கலாம். நிலம் மாநில அதிகாரம். ஜொகூர் நினைத்தால் செய்ய முடியும். ஆனால் கேட்பவர் கையில் வரைபடமும் பட்டியலும் இருக்க வேண்டும்.

அன்று மாலை மண்டபம் காலியாகும்போது, அந்த ஆஸ்திரேலியப் பெண் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசிக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். மூன்றாவது லயத்தின் வீடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பெயர் போட்டிருந்தாள். ஆறாவது வீட்டுக்கு நேராக வெற்றிடம். பாட்டி கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். “இரு தாயி, வரும்” என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா கூப்பிட்டார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.